வாட்டர்ப்ரூஃபில் ஒரு ஜன்னல்

எங்கள் வீட்டில் பொருட்கள் மூன்று வகைப்படும். மட்டம், சுமார், வாட்டர்ப்ரூஃப். இப்படிப் பிரித்து வைத்தவர் அப்பா. அந்தப் பொருளுக்கும் தண்ணீருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாமல் இருக்கலாம், அதைப் பற்றி அவருக்குக் கவலை கிடையாது. சுவர்க்கடிகாரம் வாங்கப் போனாலும் "வாட்டர்ப்ரூஃப்தானே?" என்று கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவார். கடைக்காரர் அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்ப்பார். சுவரில் மாட்டிய கடிகாரம் எப்போது குளிக்கப் போகிறது என்று கேட்க வாய் துடிக்கும். கேட்க மாட்டார். "ஃபுல் வாட்டர்ப்ரூஃப் சார்" என்பார். அப்பாவுக்கு அது போதும், வாங்கிவிடுவார்.

அந்தச் சொல்லுக்குத் தமிழில் "நீர்புகா" என்று ஒன்று இருப்பது எனக்கு ஒன்பதாம் வகுப்பில்தான் தெரிந்தது. தாம்பரம் ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு சுவரில், மொட்டைமாடிக்குப் பூசுகிற ஏதோ பவுடருக்கு விளம்பரம் எழுதியிருந்தார்கள். நீலப் பெயிண்டில் "நீர்புகாத் தன்மை கொண்டது". பெரிய கண்டுபிடிப்பாக அப்பாவிடம் வந்து சொன்னேன். அவர் அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். பிடிக்கவில்லை.

"இன்னா கண்ணு இது, கெஞ்சற மாதிரி கீது. உள்ள வராதப்பா, வராதப்பான்னு தண்ணி கால்ல வுழற மாதிரி. வாட்டர்ப்ரூஃப்னு சொல்லிப் பாரு. தண்ணிக்கே ஒரு பயம் வரும்."

எங்கள் பக்கத்துத் தண்ணீர் யாருக்கும் பயந்ததாக எனக்கு நினைவில்லை.

அம்மாவுக்கு அதே சொல் வேறு காரியத்துக்குப் பயன்பட்டது. "உங்கப்பா காது வாட்டர்ப்ரூஃப். இன்னா சொன்னாலும் உள்ள போவாது" என்பாள். ரேஷன் கடைக்காரர் வாட்டர்ப்ரூஃப், எவ்வளவு திட்டினாலும் வழிந்து கீழே போய்விடும். என் சித்தி மனசு வாட்டர்ப்ரூஃப், எதிரே உட்கார்ந்து ஒரு மணி நேரம் அழுதாலும் நனையாது. அப்பாவும் விடவில்லை. எனக்கு மாப்பிள்ளை பார்த்த நாட்களில் குடிப்பழக்கம் இல்லாத ஒரு பையனைப் பற்றிச் சொல்லும்போது, "பையன் வாட்டர்ப்ரூஃப்மா, விசாரிச்சுட்டேன்" என்றார். அந்தப் பையன் மூன்றாம் நாளே சேலையூர் பஸ் ஸ்டாப்பில் வேட்டி எங்கே என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான். விடுங்கள், அது வேறு கதை.

அப்பாவின் மழைக்கோட்டைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பாரிமுனையில் பிளாட்பாரத்தில் வாங்கியது. கரும்பச்சை நிறத்தில் கோட்டு, பேண்ட்டு, தலைக்குத் தனியாக ஒரு தொப்பி. தொப்பிக்கும் கோட்டுக்கும் நடுவே பிடரியில் நாலு விரல் இடைவெளி இருக்கும். மழை அந்த நாலு விரலைக் கண்டுபிடிக்க அரை நிமிஷம் போதும். உள்ளே இறங்கிய தண்ணீர் வெளியே வராது, சரக்கு அவ்வளவு உறுதி. பேண்ட்டின் கணுக்காலில் எலாஸ்டிக் வேறு. பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்து வருவதற்குள் அப்பாவின் கால்கள் இரண்டும் யானைக்கால் ஆகியிருக்கும். வாசலில் நின்று எலாஸ்டிக்கை இழுத்துவிடுவார், தொபதொபவென்று கொட்டும்.

"மதகு தொறந்துட்டாங்க, எல்லாம் ஓரமா போங்க" என்பாள் அம்மா.

அப்பா அசர மாட்டார். "துணி வழியா ஒரு சொட்டு வந்துச்சா, சொல்லு. இது கழுத்து வழியா வந்த தண்ணி. கோட்டு இன்னா பண்ணும்?"

சட்டப்படி அவர் சொன்னது சரி. வாட்டர்ப்ரூஃப் என்றால் தண்ணீர் அதைத் தாண்டாது, அவ்வளவுதான். எந்தப் பக்கத்திலிருந்து தாண்டாது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இந்தச் சின்ன விஷயம் புரிய எனக்குப் பல வருஷம் ஆனது. புரிந்த விதம்தான் கொடுமை.

எங்கள் வீடு ராஜகீழ்ப்பாக்கத்தில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே இறங்கி மூன்றாவது தெருவில் இருந்தது. இறங்கி என்று சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே இறங்க வேண்டும். மனை விற்ற புரோக்கர், "இங்க தண்ணி நிக்கவே நிக்காது சார்" என்று சத்தியம் செய்தாராம். அந்த ஆள் பொய் சொல்லவில்லை. தண்ணீர் நிற்கவில்லை, நேராக உள்ளே வந்துவிட்டது. குடிவந்த முதல் வருஷம், ஐப்பசி அடைமழை. நான் அப்போது ஆறாம் வகுப்பு. காலையில் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தால் முழங்கால் வரை ஜில்லென்றது. அம்மாவின் இட்லிப் பானை கூடத்தில் மிதந்து வந்து என்னை விசாரித்துவிட்டுப் போனது. கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டி மட்டும் மிதக்கவில்லை. அதன் வயிறு நிறையத் தண்ணீர்.

அந்தப் பெட்டிக்குள்தான் அப்பாவின் எஸ்.எஸ்.எல்.சி. சர்டிபிகேட் இருந்தது. அந்தக் காலத்தில் மார்க் எல்லாம் மையால் எழுதித் தருவார்கள். தண்ணீர் வடிந்து, அதை எடுத்துக் கொடியில் துணியோடு துணியாகக் காயப் போட்டபோது, அப்பாவின் பெயர், பிறந்த தேதி, கணக்கில் வாங்கிய மார்க் எல்லாம் சேர்ந்து நீலமாக ஒரே திட்டாகியிருந்தன. அவர் படித்தவர் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே அத்தாட்சி அது.

அப்பாவுக்குப் பம்மலில் ஒரு தோல் தொழிற்சாலையில் குடோன் வேலை. பகல் முழுக்க ஈரத் தோலுக்கு நடுவே நின்று, வருகிறதையும் போகிறதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த நாற்றத்தை வீட்டுக்கு வரும்போது வாசலில் கழற்றி வைக்க முடியாது, அவரோடு உள்ளே வரும். அந்த மழைக்கு அடுத்த வருஷம் ஆபீஸுக்குள் கிளார்க் வேலை ஒன்று காலியானது. நாற்காலி, மேஜை, மேலே ஃபேன். அவருக்குக் கொடுப்பதாகவே சொல்லியிருந்தார்கள். சர்டிபிகேட் கொண்டு வா என்றார்கள். அப்பா அந்த நீலத் திட்டை எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் வந்தவரிடம் அம்மா ஆசையாகக் கேட்டாள்.

"மேனேஜர் வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சு நல்லாத்தான் பார்த்தாரு" என்றார் அப்பா. அதற்கு மேல் அதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. ரிட்டயர் ஆகும்வரை குடோனில்தான் இருந்தார். டூப்ளிகேட் வாங்க அலையச் சொல்லி அம்மா எத்தனையோ தடவை நச்சரித்தாள். காதுதான் வாட்டர்ப்ரூஃப் ஆயிற்றே.

நான் ப்ளஸ் டூ முடித்தேன். டைப்பிங் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தேன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தேன். அங்கே மார்க் ஷீட்டின் பின்பக்கம் வட்டமாக ஒரு சீல் குத்தி நம்பர் எழுதித் தருவார்கள். அந்த நம்பரை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும், எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் காத்திருந்தார்கள். நான் காத்திருந்த அந்த நாட்களில்தான் தாம்பரத்தில் லேமினேஷன் வந்து இறங்கியது.

மேற்குப் பக்கம் ஸ்டேஷன் படி இறங்கியதும் ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. கடைக்காரர் காலண்டர் சாமி படம் ஒன்றை லேமினேஷன் போட்டு, பக்கெட் தண்ணீருக்குள் முக்கி வாசலில் வைத்திருந்தார். நாள் முழுக்க சாமி தண்ணீருக்கு அடியில் சிரித்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் அட்டையில் "100% வாட்டர்ப்ரூஃப்". அப்பா அதைப் பார்த்துவிட்டார். பிறகு என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தோழி வீட்டுக்குக் கோவிலம்பாக்கம் போய்விட்டு வருவதற்குள், என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ப்ளஸ் டூ மார்க் ஷீட், டைப்பிங் சர்டிபிகேட் இரண்டு, சாதிச் சான்றிதழ் எல்லாமே கண்ணாடிபோலப் பளபளவென்று மேஜைமேல் கிடந்தன. ரேஷன் கார்டையும் கொண்டு போகப் பார்த்திருக்கிறார், அம்மா கடைசி நிமிஷத்தில் பிடுங்கிக்கொண்டாளாம். அப்பா ஒரு சொம்பு தண்ணீரை எடுத்து என் ப்ளஸ் டூ மார்க் ஷீட்மேல் மடமடவென்று ஊற்றினார். எனக்கு உயிரே போய்விட்டது. அவர் தோளில் இருந்த துண்டால் ஒரே துடைப்பு. இயற்பியல் மார்க் முதற்கொண்டு அப்படியே இருந்தது. வாங்கிய மார்க்குக்கு, அது கொஞ்சம் அழிந்திருந்தாலும் நான் வருத்தப்பட்டிருக்க மாட்டேன்.

"இனிமே ஏரி உடைச்சுகினு வந்தாலும் உன்னை ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். அவர் முகத்தில் அத்தனை சிரிப்பை நான் பார்த்ததில்லை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

மூன்று வருஷம் கழித்து எனக்குக் கார்டு வந்தது. அரசு அலுவலகத்தில் தட்டச்சர் வேலை, சான்றிதழ் சரிபார்ப்புக்கு அசலோடு வரவும். அம்மா அந்தக் கார்டைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்தாள். அப்பா குடோனில் லீவு சொல்லிவிட்டு என்னோடு கிளம்பினார். எலெக்ட்ரிக் ட்ரெயினில் போகும்போது, சர்டிபிகேட் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

அங்கே மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கிளார்க் நல்ல மனுஷர். என் கட்டை வாங்கினார், மேலே இருந்ததைத் திருப்பினார், கையில் தயாராக இருந்த சீலை ஓங்கிக் குத்தினார். சீல் வழுக்கிக்கொண்டு ஓடியது. பிளாஸ்டிக்மேல் ஊதா மை ஈஷிக்கொண்டது. இன்னொரு தரம் குத்தினார், அதுவும் இழுத்துக்கொண்டு போனது. கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். மை மொத்தமும் விரலுக்கு வந்துவிட்டது, மார்க் ஷீட் சுத்தமாக இருந்தது.

"ஏம்மா, என்னம்மா பண்ணி வச்சிருக்க?"

"லேமினேஷன் சார்" என்றேன்.

"வாட்டர்ப்ரூஃப் சார்" என்று பின்னாலிருந்து அப்பாவின் குரல், பெருமையாக.

கிளார்க் தன் ஊதா விரலைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "ஒவ்வொரு ஒரிஜினல் பின்னாடியும் சரிபார்த்தேன்னு சீல் வச்சு நான் கையெழுத்துப் போடணும். பேனா ஓடாது, சீல் நிக்காது. நான் எங்க போடறது, உங்க நெத்தியிலயா? இதை எடுத்துட்டு வாங்க, இல்லன்னா டூப்ளிகேட் வாங்கிட்டு வாங்க. வெள்ளிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் டைம். அதுக்குள்ள வரலன்னா லிஸ்ட்ல அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்க. என் கையில ஒண்ணும் இல்லம்மா."

அன்று புதன்கிழமை. டூப்ளிகேட் வாங்குவதென்றால் தொலைந்துபோனதாகப் போலீசில் எழுதிக் கொடுத்து, தாசில்தாரிடம் கையெழுத்து வாங்கி, அப்புறம் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கையில் பளபளவென்று வைத்துக்கொண்டே தொலைந்துபோனது என்று எப்படிச் சொல்வது? திரும்பி வரும்போது ட்ரெயினில் நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். பரங்கிமலை, மீனம்பாக்கம், பல்லாவரம் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து போயின. குரோம்பேட்டையில் அப்பா மெதுவாக, "கடைக்காரன்கிட்ட கேப்போம் கண்ணு, எடுக்க வழி இருக்கும்" என்றார்.

அவ்வளவுதான், எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. கம்பார்ட்மெண்ட் முழுக்கக் கேட்கிறமாதிரி, "உங்க பேப்பர் தண்ணியில போச்சு. என் பேப்பர் உங்களால போச்சு" என்றேன்.

எதிரே முறுக்கு தின்றுகொண்டிருந்த அம்மாள் மெல்லுவதை நிறுத்திவிட்டாள். அப்பா பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அன்றைக்குச் சொன்னதைத் திரும்ப எடுக்க முடிந்தால் எடுத்திருப்பேன். அது முடியாது, அந்த வெட்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஜெராக்ஸ் கடைக்காரர் விஷயத்தைக் கேட்டதும் தன் சரக்கைக் குறை சொன்னதாக எடுத்துக்கொண்டார். "இன்னா சார், எடுக்கறதுக்கா போடறாங்க? ஒட்டினா ஒட்டினதுதான். நம்ம கையால போட்டது ஏழு ஜென்மத்துக்கும் வராது."

"அதாம்பா பிரச்சினையே" என்றேன் நான்.

அவர் ப்ளஸ் டூ மார்க் ஷீட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "சூடு காட்டினா பசை எளகும். ஆனா பேப்பரையும் சேத்து உரிச்சுகினு வரும். எழுத்து போனா என்கிட்ட வந்து பேஜார் பண்ணக் கூடாது." பிறகு அப்பாவைப் பார்த்து ஞாபகம் வந்தவராகச் சிரித்தார். "அன்னைக்கு நீங்கதானே சார் வந்தது? கூட ஒரு பேப்பர் குடுத்தீங்களே, வெறும் நீலமா. இதுல ஒண்ணுமே இல்லியே சார், எதுக்கு வேஸ்ட்டா போடறீங்கன்னு நான்கூட கேட்டேன். போடு போடுன்னு அடம் புடிச்சீங்க."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் பக்கெட்டுக்குள் இருந்த சாமியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழிந்துபோன எஸ்.எஸ்.எல்.சி.யையும் என்னுடையதோடு சேர்த்து அன்றைக்கே லேமினேஷன் போட்டிருக்கிறார். எங்களிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தோம். அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இடுப்பில் சொருகிய முந்தானையை இன்னும் இறுக்கிச் சொருகிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்த ஆளு சீலு எம்மா பெருசு?"

நான் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்துக் காட்டினேன்.

"கையெழுத்தோட சேத்து ஒரு தீப்பெட்டி அளவு இருக்குமா? அப்புறம் எதுக்கு மொத்தத்தையும் உரிக்கறீங்க? பின்னாடி தீப்பெட்டி அளவு ஒரு ஜன்னல் வெட்டுங்க. மீதி அது பாட்டுக்கு வாட்டர்ப்ரூஃபா இருந்துட்டுப் போவட்டும். மூணு பேரு படிச்சவங்க, ரெண்டு பஸ் மாறி ரயில் ஏறி இறங்கி வந்தீங்க, இது தோணலியா?"

எங்களுக்குத் தோன்றவில்லை. மூன்று பேர் கணக்கில் ஜெராக்ஸ்காரரையும் சேர்த்துக்கொண்டாள் போலிருக்கிறது.

மறுநாள் காலை, சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் பாய் விரித்தோம். இஸ்திரிப் பெட்டி, புது பிளேடு, ஒரு தீப்பெட்டி. ஜன்னல் வைக்க வேண்டிய இடம் பின்பக்கம் கீழ் மூலையில், எழுத்தே இல்லாத வெள்ளை. ஆனால் காகிதம் ஓட்டையாகிவிட்டால் முன்பக்கத்தில் மொத்த மார்க்கும் தலைமை ஆசிரியர் கையெழுத்தும் போய்விடும். நான் பிளேடைக் கையில் எடுத்தேன். வெட்ட மனசு வரவில்லை. அம்மாவிடம் கொடுத்தேன். "வெங்காயம்னா நறுக்குவேன், இது வேணாம்மா" என்று பின்வாங்கினாள்.

அப்பா எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் அந்த நீலத் தாள், லேமினேஷனோடு. பாயில் என் மார்க் ஷீட்டை ஓரமாக நகர்த்திவிட்டு, அதைக் கவிழ்த்துப் போட்டார்.

"மொதல்ல இதுல பாப்போம்" என்றார்.

 தீப்பெட்டியை வைத்துச் சுற்றிலும் பிளேடால் கோடு இழுத்தார். அம்மா இஸ்திரிப் பெட்டியின் முனையை அந்த இடத்தில் வைத்து எடுத்தாள். அப்பா ஓரத்தை நகத்தால் கிளப்பி மேலே தூக்கினார். பிளாஸ்டிக்கோடு காகிதமும் பிய்த்துக்கொண்டு வந்தது, அடியில் இருந்த அந்தப் பக்கத்துப் பிளாஸ்டிக் வழியாகப் பாய் தெரிந்தது. அது முதல் ஜன்னல். பக்கத்திலேயே இன்னொன்று வெட்டினார். அதுவும் பிய்ந்தது. அப்பா பிய்ந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"தோலு மாதிரிதான்" என்றார் தனக்குத்தானே. "எங்க குடோன் பக்கத்துல தோல்ல ஒட்டிகினு கீற கொழுப்பை எடுப்பாங்க. மேல தூக்கி இழுத்தா தோலு கிழியும். கத்தியைப் படுக்க வச்சு, தோலோட தோலா தள்ளிகினே போவணும்."

மூன்றாவது ஜன்னலில் பிளாஸ்டிக்கை மேலே தூக்கவில்லை. இடது உள்ளங்கையால் தாளை அழுத்திக்கொண்டு, உரிந்த ஓரத்தை அப்படியே மடித்துத் தரையோடு தரையாக இழுத்தார். கொஞ்சம் இழுப்பார், நிறுத்துவார், அம்மா மறுபடி சூடு காட்டுவாள். பாதி வரை வந்து கிழிந்தது. நான்காவது முழுசாக வந்தது. காகிதத்தின் மேல்பக்கம் மட்டும் லேசாகப் பஞ்சு பஞ்சாக இருந்தது. என் பேனாவை வாங்கி அந்த ஜன்னலுக்குள் ஒரு கோடு போட்டுப் பார்த்தார். மை நின்றது.

அப்பாவின் எஸ்.எஸ்.எல்.சி.யில் அப்போது மூன்று ஓட்டையும் ஒரு ஜன்னலும் இருந்தன. அதை ஓரமாக வைத்துவிட்டு, "இப்போ உன்னுது குடு" என்றார்.

ஐந்து சர்டிபிகேட்டுக்கும் மத்தியானம் வரை ஆனது. டைப்பிங் லோயரில் மட்டும் ஒரு மூலை கொஞ்சம் பிய்ந்தது, எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அத்தனை நேரமும் அப்பாவின் நெற்றியிலிருந்து வியர்வை இறங்கிக்கொண்டே இருந்தது. தாளில் சொட்டிவிடக் கூடாதென்று அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். "இவரு ஒருத்தருக்குத்தான் வாட்டர்ப்ரூஃப் போட மறந்துட்டாங்க" என்று வேறு முணுமுணுத்தாள். ட்ரெயினில் சொன்னதற்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாய் வரை வந்தது. வந்ததெல்லாம், "அப்பா, காப்பி குடிக்கிறீங்களா?" அவர், "குடு கண்ணு" என்றார்.

வெள்ளிக்கிழமை கிளார்க் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள், நாங்களும் சேர்ந்து சிரித்தோம், சிரிக்காமல் என்ன செய்வது. பிறகு அவர் சீலை மையில் ஒற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலுக்குள் குறிபார்த்து இறக்கினார். ஐந்து தடவை. ஐந்தும் நின்றது.

"மை காயற வரைக்கும் மூடாதம்மா" என்றார். அப்பா வழி நெடுக ஐந்தையும் விசிறிபோலப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அப்புறம் பல மாதம் ஒரு தகவலும் இல்லை. மழைக்காலம் வந்தது. எங்கள் தெருவுக்குள் மழைக்காலத்தில் தபால்காரர் வர மாட்டார். முழங்கால் தண்ணீரில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வர அவருக்கு என்ன தலையெழுத்து? மெயின் ரோட்டு டீக்கடையில் எல்லாருடைய கடிதத்தையும் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், நாம்தான் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்பா தினமும் குடோனிலிருந்து திரும்பும்போது அந்தக் கடையில் எட்டிப் பார்த்துவிட்டு வருவார். வெறுங்கையோடு வருவார், எலாஸ்டிக்கை இழுத்துவிடுவார், மதகு திறக்கும்.

ஒரு சாயங்காலம் கொட்டுகிற மழையில் தெருமுனையில் ஒரு ஆள் வருவதை அம்மாதான் முதலில் பார்த்தாள். இடுப்பு வேட்டியும் சட்டையும் உடம்போடு ஒட்டிப்போய், தலை மயிரெல்லாம் நெற்றியில் வழிந்து, மழைக்கோட்டே இல்லாமல் ஒருவர் தண்ணீரைத் துழாவிக்கொண்டு வந்தார். மார்போடு பச்சையாக ஒரு மூட்டையை அணைத்துப் பிடித்திருந்தார், கைக்குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி. கிட்டே வந்தபிறகுதான் அப்பா என்று தெரிந்தது.

"உனக்கு இன்னா பைத்தியமாயா புடிச்சிருக்கு? கோட்டைப் போட்டுகினு வராம சுருட்டிகினு வர?" என்று அம்மா கத்தினாள். ஆத்திரம் வந்தால் அவளுக்கு அப்பா "யா" ஆகிவிடுவார்.

அப்பா நேராகக் கூடத்துக்கு வந்து மூட்டையைப் பிரித்தார். பேண்ட்டு, அதற்குள் கோட்டு, அதற்குள் தொப்பி. தொப்பிக்குள் ஒரு பழுப்பு நிறக் கவர். ஒரு சொட்டு ஈரம் இல்லை. அந்தக் கோட்டு தன் ஆயுசில் வாட்டர்ப்ரூஃபாக இருந்தது அந்த ஒரு நாள்தான். அதற்கு அப்பா அதை விட்டு வெளியே வர வேண்டியிருந்தது.

அவர் கவரைத் தொடாமல் கையை உதறிக்கொண்டு தள்ளி நின்றார். "என் கை ஈரம். நீ பிரி."

பிரித்தேன். நியமன ஆணை. அம்மா ஒரு கையால் துண்டை வைத்து அவர் தலையைப் பரபரவென்று துவட்டிக்கொண்டே மறு கையால் தன் கண்ணைத் துடைத்தாள். நான் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். பொருள், பார்வை, எண் என்று போய்க்கொண்டிருந்தது. என் பெயர் வந்தது. அதற்கு அடுத்து, இன்னாரின் மகள் என்று, அப்பாவின் பெயர் இனிஷியலோடு டைப் அடித்திருந்தது. கறுப்பாக, ஒரு எழுத்துகூடக் கலையாமல்.

"நிறுத்து" என்றார் அப்பா. துண்டுக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தார். "என் பேரு அதுல கீதா?"

"இருக்குப்பா."

"சரியா கீதா? எழுத்து தெரியுதா?"

"நல்லாத் தெரியுதுப்பா."

அவர் முகத்தில் வழிந்தது மழையா என்று எனக்குத் தெரியாது, அம்மா அப்போதுதான் துடைத்திருந்தாள். "அந்த ஒரு வரிய மட்டும் இன்னொரு தபா படி கண்ணு" என்றார்.

படித்தேன்.